மூன்றாம் மாடி வால்வு

எந்தக் கதவைத் தொடுவாரோ என்று அம்சவேணி அதிகாரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்து நான்கு வீடு. வீட்டுக்கு ஒரு வால்வு, எல்லாம் அவள் மாட்டியது.

குடிநீர் அதிகாரி தணிகாசலம் மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்றார். ஒரு கதவைத் தட்டிக் காட்டினார்.

"இது."

வால்வை மூடினால் இந்த வீட்டில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஓட வேண்டும். மூடிய குழாயில் ஒரு சொட்டு விழுந்தால் போச்சு, லைசென்ஸ் கிடையாது.

பதினான்கு வருஷம் அடுத்தவர் லைசென்ஸில் பைப் போட்டவள் அம்சவேணி.

அவளை வேலைக்கு வைத்திருந்த மேஸ்திரி எத்திராஜ் கைகட்டிச் சுவரில் சாய்ந்திருந்தார். வேடிக்கை பார்க்கவென்றே மூன்று மாடி ஏறியவர். மலிவுச் சரக்கை வாங்கச் சொன்னவரும் அவர்தான். "கதவுக்கு மேல ஒளிஞ்சு கெடக்கிறதை எவன் பாக்கப் போறான்?"

அவள் பார்த்தாள். கடையில் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிக் கனம் பார்த்தாள். ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடினாள். ஓரத்தைக் கத்தியால் சுரண்டினாள். பித்தளைப் பூச்சுக்கு அடியில் வெள்ளை தெரிந்த மட்டச் சரக்கையெல்லாம் தள்ளிவைத்தாள்.

"வால்வு வாங்க வந்தியா, மாப்பிள்ளை பாக்க வந்தியாம்மா?" என்று கடைக்கார ஜப்பார் பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது ஸ்டூலில் ஏறினாள். ஒற்றை விரலால் கைப்பிடியைத் தள்ளினாள். கால் வட்டம் திரும்பியது.

வீட்டுக்குள் திறந்துவிட்டிருந்த குழாய் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

அதிகாரி அதன் அடியில் செய்தித்தாளை விரித்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம்."

அடப்பாவி மனுஷா, பத்து நிமிஷமா!

பக்கத்து வீட்டில் வாளி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது.

நாலாவது நிமிஷம் குழாயின் வாயில் ஒரு சொட்டு திரண்டது.

எத்திராஜ் கைக்கட்டை அவிழ்த்து முன்னால் வந்தார்.

விழாதே தாயே.

விழவில்லை. அதைவிட முக்கியம், வளரவில்லை. பைப்பில் தங்கிய பழைய தண்ணீர். வால்வு கசிந்தால் சொட்டு பெருக வேண்டுமே!

அதிகாரி அதை விரலால் துடைத்தார். மறுபடி காத்திருந்தார்.

குழாய் வாய் காய்ந்தே கிடந்தது.

பத்து.

காகிதத்தை எடுத்து உதறினார். மொடமொடவென்றது. எத்திராஜ் எப்போது இறங்கிப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜெயிச்சுட்டேடி அம்சா! கத்த வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டூலை மடக்கினாள்.

பாஸா பெயிலா என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு படிவரை போனார். திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"எங்க வீட்டுலயும் ஒரு வால்வு ஒழுகுதும்மா. நாலு பேர் வந்து பாத்துட்டானுங்க. ஞாயித்துக்கெழமை வர முடியுமா?"

அவள் கையைப் புடவையில் துடைத்தாள்.

"அடுத்தவங்க பேர்ல வேலை செய்யறதை இன்னியோட விட்டுட்டேன் சார். என் பேர்ல லைசென்ஸ் வரட்டும். மறுநாளே வரேன்."



அதிகாரி அங்கேயே படியில் உட்கார்ந்து, அவள் லைசென்ஸ் படிவத்தை மடியில் விரித்து, பேனா மூடியைக் கழற்றினார்.