டாப் மாடல் ஏறிய மேடு

ஷோரூமில் இரண்டு பிக்கப் வண்டிகள் அருகருகே நின்றன. ஒன்று சாதா மாடல். மற்றது காடு மலைக்கென்றே செய்த டாப் மாடல். தடித்த டயர், நாலு சக்கரத்தையும் சேர்த்து இயக்கும் ஃபோர் வீல் டிரைவ், வெள்ளத்திலும் எஞ்சின் மூச்சுவிடக் கூரை வரை நீண்ட குழாய். எப்படியாவது ஒரு மலை ஏறிவிட வேண்டும் என்பதுதான் அதன் ஒரே ஆசை.

வீட்டுக்கும் வங்கிக்கும் போய்வர வண்டி தேடி ஞானசேகர் வந்தார். சாதாவின் விலையைக் கேட்டுக்கொண்டே டாப் மாடலின் டயரைத் தடவினார்.

“அண்ணே, அவரைப் பார்த்தாலே தெரியுது, ஸ்பீட் பிரேக்கர்னாலே பயப்படுற ஆளு. ஆசைப்படாதீங்க” என்றது சாதா, டாப் மாடலிடம்.

“பொறாமைப்படாதே தம்பி. அந்தக் கண்ணைப் பாரு, மலையேறுற கண்ணு!”

அவர் டாப் மாடலையே வாங்கினார். சாதாவை வேறொருவர் கொண்டுபோனார்.

அடுத்த வருஷம் சர்வீஸுக்கு வந்த இடத்தில் இரண்டும் சந்தித்தன.

“மலை ஏறினீங்களா அண்ணே?”

டாப் மாடல் யோசித்துப் பார்த்தது. வங்கி வாசல், பால் பூத், மகளின் பாட்டு வகுப்பு. மறைத்துப் பயனில்லை.

“டெலிவரி அன்னைக்குப் பூசாரி சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சாரே, அது மேலதான் தம்பி ஏறினேன். ஆனா ஒண்ணு, ஃபோர் வீல் டிரைவ் போட்டுத்தான் ஏறினேன்.”