மிட்டாய் பாட்டில்

காய்ச்சல் மருந்து பாட்டிலுக்குப் பெருமை பிடிபடவில்லை. பூவிழி அடம்பிடிக்கும்போதெல்லாம் அவள் அம்மா, "மிட்டாய்டி செல்லம், குடி" என்று சொல்லித்தான் அதை ஊட்டுவாள்.

"நீ மருந்து, மறந்துடாதே" என்று மூடி முணுமுணுக்கும்.

"உனக்குப் பொறாமை! எப்பப் பாரு, என் கழுத்தை நெரிக்கிறே" என்று பாட்டில் சிரிக்கும்.

ஒருநாள் மருந்து கொடுக்கும்போது போன் அடித்தது. பாட்டிலைத் திறந்தபடியே கட்டில்மேல் வைத்துவிட்டு அம்மா ஓடினாள். பூவிழி அதை எடுத்து மடக்மடக்கென்று குடித்தாள்.

"போதும்டி கண்ணு!" என்று பாட்டில் கதறியது. அவள் கேட்டால்தானே!

திரும்பி வந்த அம்மா பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கினாள். குழந்தையை ஒரு கையிலும் பாட்டிலை மறு கையிலுமாக ஆட்டோவில் பறந்தாள். என்ன குடித்தாள், எவ்வளவு குடித்தாள் என்று டாக்டர் கேட்டதற்கெல்லாம், ஒட்டியிருந்த சீட்டையும் மிச்சமிருந்த மருந்தையும் காட்டி பாட்டிலே பதில் சொன்னது. உடனே வைத்தியம் நடந்தது.

பூவிழி தேறி வீடு திரும்பினாள். பாட்டில் உயரத்து அலமாரிக்குப் போனது. கீழே நின்று அவள், "மிட்டாய்!" என்று கைநீட்டினாள். பாட்டிலுக்கு மனசு இளகிவிட்டது.

"இன்னும் இறுக்கிப் பிடி" என்றது மூடியிடம்.

"கழுத்து வலிக்குமே?"

"வலிக்கட்டும்."