இலவச டேஷ்கேம்

"மாசம் ஆயிரத்து முந்நூறு வெள்ளியா? நான் கேட்டது காரும்மா, கப்பல் இல்ல."

வள்ளியம்மா கேட்ட கேள்வியில் ஜெலுத்தோங் கார் ஷோரூமே திரும்பிப் பார்த்தது. தொழிற்சாலைகளில் கேன்டீன் எடுத்து நடத்துகிறவர். மூன்று வருட லீஸில் புது கார் எடுக்க, சுங்கை பாக்காப்பிலிருந்து கடல் பாலம் தாண்டி வந்திருந்தார்.

எதிரே விற்பனைப் பெண் ஷர்மினி. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான்.

"ஓட்டிட்டுத் திருப்பிக் குடுக்கப்போற வண்டி. கிலோமீட்டர் கணக்கு எப்படி?"

"வருஷத்துக்கு இருபதாயிரம்க்கா. தாண்டினா தனியா கட்டணும்."

"நான் தினம் பாலம் ஏறுறவ. இருபத்தஞ்சாயிரம் போடு. வண்டியைத் திருப்பும்போது சின்னக் கீறலுக்கெல்லாம் பில் நீட்டக் கூடாது. மாசத்துல அம்பது வெள்ளி குறை. எதிர்க்கடையில தர்றான்."

ஷர்மினி கண்ணாடி அறைக்கு ஓடினாள். மேனேஜர் சுகுமாரன் தலைமையகத்துக்குப் போன் போட்டார். மூன்றுமே கிடைத்தன.

அதோடு நிறுத்தியிருந்தால் கெட்டிக்காரி என்று விட்டிருக்கலாம்.

"கண்ணாடிக்கு டிண்டட் ஃப்ரீ தானே?"

"அது வந்துக்கா..."

"ரோட்டைப் படம் பிடிக்கிற டேஷ்கேம்?"

"முன்னாடிக்கு மட்டும் வேணும்னா..."

"பின்னாடி இடிக்கிறவனை யாரு பிடிக்கிறது? ரெண்டு பக்கமும் போடு. கீழ விரிக்க நல்ல மேட்டும் போடு."

ஒவ்வொன்றுக்கும் ஷர்மினி அறையை எட்டிப் பார்க்க, சுகுமாரன் நாற்காலியை விட்டு எழாமலே குரல் கொடுத்தார். "குடுத்துடும்மா. அக்கா சந்தோஷமா போகணும்லா."

தாராள மனசுதான். யார் வீட்டுக் காசில் என்பதுதான் கேள்வி. அந்தக் கடையில் இலவசமாகப் போகிற எல்லாமே விற்றவரின் கமிஷனில் கழியும். போன மாதம் ஷர்மினி இரண்டு கார் விற்றாள். கமிஷனாகக் கைக்கு வந்தது நூற்றெண்பது வெள்ளி. இந்த மாதமும் அப்படியே ஆனால் வேலையை விட்டுவிட்டுத் தாசேக் கெலுகோரில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். இதைக் கஸ்டமரிடம் மூச்சு விடக் கூடாது என்பது சுகுமாரனின் கண்டிப்பான உத்தரவு.

பக்கத்து மேசையில் கார் எடுக்க வந்து காத்திருந்த கந்தப்பு, மனைவியின் காதில் முணுமுணுத்தார். "பாவம் அந்தப் பிள்ளை. மனிசி ஈவிரக்கமில்லாமல் உரிக்குது."

வள்ளியம்மா பேனாவை எடுத்தார். பிறகு கீழே வைத்தார்.

"மேனேஜரைக் கூப்பிடு."

சுகுமாரன் சிரித்த முகத்தோடு வந்தார்.

"தம்பி, இந்த ஃப்ரீ சாமானெல்லாம் யாரு குடுக்கறா?"

"கம்பெனிதான்க்கா. வேற யாரு?"

"அப்ப அதையே எழுதிக் குடுங்க. எல்லாம் கம்பெனி செலவு, விக்கிறவங்க கமிஷன்ல பிடிக்க மாட்டோம்னு. உங்க கையெழுத்து, கம்பெனி முத்திரை ரெண்டும் வேணும்."

சிரிப்பு அப்படியே நின்றது. "அதெல்லாம் எங்க உள் விஷயம்க்கா. ஷர்மினிகிட்டயே கேளுங்க. சொல்லும்மா, நீ என்னிக்காவது குறை சொல்லியிருக்கியா?"

ஷர்மினி அவர் கண்ணைப் பார்த்தாள். வேலை போனாலும் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"சொல்லலை பாஸ். இப்பச் சொல்றேன். எல்லாம் என் கமிஷன்லதான் போகுது. இனிமே குடுக்க மாட்டேன்."



"அப்படிச் சொல்லு" என்ற வள்ளியம்மா, மேனேஜர் பக்கம் திரும்பினார். "எழுதறீங்களா, எதிர்க்கடைக்குப் போகட்டுமா?"

"அக்கா, ஒரு காருக்குப் போய் இப்படி..."

"ஒரு கார் இல்ல. கேன்டீனுக்கு இன்னும் ரெண்டு வேன் எடுக்கணும். இதே பொண்ணு, இதே மேசையில இருந்தாத்தான் இங்க எடுப்பேன். நாளைக்கு இவளை ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பினீங்கன்னு காதுல விழுந்துச்சு, இந்த மூணு வண்டியையும் மறந்துடுங்க."

கந்தப்பு தொண்டையைச் செருமினார். "தம்பி, எங்களுக்கும் அப்பிடியே எழுதித் தாங்கோ. எழுதாட்டி நாங்களும் கையெழுத்து வைக்க மாட்டம்."

சுகுமாரன் எழுதினார். அழுத்தி எழுதினதில் காகிதம் கிழியாதது ஆச்சரியம்.

ஷர்மினி வாசல் வரை கூடவே வந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"நான் உங்களை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன்க்கா. கமிஷன்ல கழிக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வள்ளியம்மாவின் குரலில் முதல்முறையாக அந்த அதட்டல் இல்லை.

"நாலு வருஷத்துக்கு முன்னால வேற கடையில இதே மாதிரி பேசி, எல்லாத்தையும் ஃப்ரீயா வாங்கினேன். வீட்டுக்கு வந்து பெருமையா சொன்னா, என் மக பிரமிளா சாப்பாட்டுல கை வெச்சவ அப்படியே எழுந்துட்டா. அவளுக்கும் கார் விக்கிற வேலைதான்."

"என்ன சொன்னாங்க?"

"'இன்னிக்கு என்கிட்டயும் ஒருத்தி வந்தாம்மா, அச்சு அசல் உன்னை மாதிரியே'ன்னா."