ஒரு மாதிரி

குழந்தைகள் காப்பகத்து வாசலில் மகனை இறக்கிவிடும்போதே அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, நேத்து சாயந்திரம் பையன் நடந்துட்டான்! சோபாவை விட்டுட்டு நாலே அடி, நேரா என் மடிக்கு!"

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா நெஞ்சில் கையை வைத்தாள். "ஐயோ, நிஜமாவா! இங்க தவழ்ந்துக்கிட்டுதானே இருந்தான்! முதல் நடையை அம்மாவுக்குன்னே எடுத்து வெச்சிருந்திருக்கான், திருட்டுப் பய!"

அவளும் சிரித்தாள். பைக்கில் ஏறும்போது அந்தச் சிரிப்பைக் காணோம்.

"என்ன, முகம் சுருங்கிப் போச்சு?" என்றான் கணவன்.

"மனசு ஒரு மாதிரியா இருக்கு."

"அது என்ன ஒரு மாதிரி? சந்தோஷமா, வருத்தமா? ஒண்ணைச் சொல்லு."

"ஒண்ணா இருந்தா சொல்ல மாட்டேனா? அந்த அக்காவைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருக்கு. சண்டை போடணும் போலயும் இருக்கு."

"ரெண்டும் ஒரே ஆள்கிட்டயா? பாவம், அவங்க என்ன பண்ணாங்க?"

அவள் அவன் முதுகில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

நான்கு தெரு தாண்டி, அவள் வேலை பார்க்கும் இன்னொரு காப்பகத்தின் முன்னால் பைக் நின்றது. இடுப்பில் பெண் குழந்தையோடு ஓர் இளம் தாய் இவளுக்காகவே வாசலில் காத்திருந்தாள்.

"அக்கா, நேத்து எங்க பாப்பா நடந்துட்டா!"

போன வாரமே அந்தப் பாப்பா பொம்மை அலமாரியிலிருந்து ஜன்னல் வரை நடந்ததைப் பார்த்துக் கைதட்டியவள், நெஞ்சில் கையை வைத்தாள்.

"ஐயோ, நிஜமாவா! இங்க தவழ்ந்துக்கிட்டுதானே இருந்தா!"