வீட்டு விவரம்

மூன்று வாரமாக இறங்காத காய்ச்சல். எல்லாச் சோதனைகளும் கைவிரித்துவிட்டன. தொற்றுநோய்ப் பேராசிரியர் தன் மாணவர்களைக் கட்டிலருகே கூட்டிவந்தார்.

"வீட்டு விவரத்தைத் துருவித் துருவிக் கேளுங்க. வியாதி அங்கதான் ஒளிஞ்சிருக்கும்."

ஒரு மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "வீட்ல பறவை ஏதாவது வளக்கறீங்களாம்மா?"

"ரெண்டு கிளி இருக்கும்மா, பின்பக்க பால்கனியில. ஆறு மாசமாச்சு. என்னை மாதிரியே 'என்னங்க'ன்னு கூப்பிடும்," என்றார் நோயாளி.

பேராசிரியர் முகம் மலர்ந்தது.

"அப்ப இது கிளிக் காய்ச்சலாத்தான் இருக்கும், குணமாக்கிடலாம். மொத நாளே கேட்டிருந்தா பேஷன்ட் இவ்வளவு கஷ்டப்படணுமா? இதைக்கூடக் கேக்காதவன் என்ன டாக்டர்?"

மாணவர்கள் யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மெல்லக் கட்டிலில் படுத்திருந்த மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நம்ம வீட்லயா?"