காலரில் மஞ்சள்

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம், வீட்டு ஆட்களையே நடிகர்களாக்கி டிவி ஒரு படம் செய்து தரும். தூத்துக்குடியில் இப்போது எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். வருஷம் முழுக்க வீட்டாரின் பேச்சையும் போனையும் மேய்ந்து, அதிலிருந்தே கதையைப் பிடித்துவிடும்.

இந்த வருஷப் படத்தில் மகள் ஷெரின், குடிலுக்கு முன்னால் புதுத்துணிகளை அடுக்கி, காலர்களில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா பிலோமினாவுக்குச் சுருக்கென்றது.

"நம்ம வீட்ல யாரு புதுத்துணிக்கு மஞ்சள் வச்சா?"

"கிறிஸ்துமஸ் படம்னா அப்படித்தான். ஊர்ல உள்ள பண்டிகை எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் உருவிக்கிடும்," என்றார் கணவர் கிளாட்வின், முறுக்கைக் கடித்தபடி. "போன வருஷப் படத்துல கிறிஸ்துமஸ் தாத்தா மாட்டுவண்டியில வரலியா? நாம என்ன மாடா வளக்கோம்?"

ஆனால் அதற்கு முந்தின பொங்கலுக்கு, சிநேகிதர் வீட்டில் மூவரும் மாட்டுவண்டி ஏறியது பிலோமினாவுக்கு மறக்கவில்லை. படம் எதையும் சும்மா உருவிக்கொள்ளாது.

மகளைப் பார்த்தாள். தீபாவளிக்கு லீவே தரவில்லை என்று, வேலை பார்க்கும் கோயம்புத்தூரிலேயே இருந்துவிட்ட ஷெரின், குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிலோமினா உள்ளே போய் மகளின் பையைத் திறந்தாள். புதுச் சுடிதாரின் கழுத்தோரம் மஞ்சள். அதன் அடியில் ஓர் ஆம்பளைச் சட்டை; அதன் காலரிலும் மஞ்சள். கிளாட்வினின் உடம்பு அதற்குள் நுழையவே நுழையாது.

சட்டையைக் கொண்டுவந்து மகள் மடியில் போட்டாள்.

"இதையும் படந்தான் வாங்குச்சா?"

அப்போது படத்தில் வாசல் மணி அடித்தது. ஷெரின் சட்டென்று திரும்பி, தங்கள் வீட்டின் நிஜ வாசலைப் பார்த்தாள்.