பதினாறு வாசலிலும் வேப்பிலை

தெருவில் பதினாறு வீடுகள். பதினாறு வாசலிலும் வேப்பிலைக் கொத்து தொங்கியது.

வீட்டில் அம்மை போட்டிருக்கிறது, அயலார் உள்ளே வரக்கூடாது என்று அதற்கு அர்த்தம். சட்டி பானை மூட்டையோடும் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் தெருமுனையில் நின்ற எனக்கு இன்னொரு அர்த்தமும் புரிந்தது. எங்களுக்கு இங்கே வீடு கிடையாது.

நான் அம்மை குத்துகிறவன். அறுபத்து மூன்றாம் வருஷம் சர்க்கார் என்னைக் கீரனூர்ப் பக்கம் அனுப்பியிருந்தது. ஊருக்கு ஒரு மாதம், குத்தி முடித்ததும் அடுத்த ஊர்.

கொடுக்கிற படியில் வாடகை கொடுத்தால் சாப்பாடு இல்லை. அதனால் சும்மா கிடைக்கிற இடத்தில்தான் குடும்பம் நடத்தினோம். போன ஊரில் மாட்டுக் கொட்டகை. மாடுகளுக்கு எங்களைப் பிடித்துப்போயிற்று, மாட்டுக்காரருக்குத்தான் பிடிக்கவில்லை.

குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வரலாமே என்பார்கள். என் மனைவி சொர்ணவல்லி இல்லாவிட்டால் எனக்கு முன்னால் ஒரு கை நீளாது.

எந்த ஊருக்குப் போனாலும் முதலில் வீடு வீடாகப் போகிறவள் அவள்தான். சித்திரை வெயிலிலும் முழங்கை மூடிய ரவிக்கையும் வாய் நிறையச் சிரிப்புமாக உட்கார்ந்து, "எறும்பு கடிச்ச மாதிரிதாங்க இருக்கும்" என்பாள். பெண்கள் நம்பிவிடுவார்கள். ஊசி பிடிப்பது நான், ஆள் பிடிப்பது அவள்.

இந்த ஊரில் அவள் வாயைத் திறக்கும் முன்பே கதவைச் சாத்திவிட்டார்கள். ஊசிக்காரனுக்கு இடம் கொடுத்தால் முதல் குத்து அந்த வீட்டுக்குத்தான் என்று எங்களுக்கு முன்பே பேச்சு வந்து சேர்ந்திருக்கிறது. அதில் பொய்யும் இல்லை.

மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கடைக்குட்டி படுக்கைச் சுருளின் மேலேயே தூங்கிவிட்டாள். அவளை எங்கே படுக்கவைப்பது என்று தெரியவில்லை.

சொர்ணவல்லி தெருக்கோடி வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தாள். கைக்கெட்டிய கிளையெல்லாம் மொட்டையாக இருந்தது. ஒடித்த இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை.

அவள் நடுத்தெருவுக்குப் போய் நின்றாள். என்னிடம் பேசுவதுபோலத் தெரு முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"என்னங்க, பதினாறு வீட்டுலயும் ஆத்தா எறங்கியிருக்கா. கீரனூருக்கு ஆளனுப்புங்க, பெரிய டாக்டர் ஜீப்புல வரட்டும். அதுவரைக்கும் ஒரு சனமும் தெருவ விட்டு வெளிய போகக்கூடாதுன்னு சொல்லிப்புடுங்க. நாளைக்குச் சந்தையாமே, பாவம்."

பிறகு மூன்றாவது வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை வெளியே வந்து வேப்பிலையை உருவிக்கொண்டு உள்ளே போனது. அடுத்தது எதிர்வீடு. அப்புறம் கணக்கே இல்லை. தெருவெல்லாம் இலை விழுந்தது. ஆடுகளுக்கு அன்றைக்கு நல்ல வேட்டை.

சந்தைக்கு மூட்டை கட்டி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, ஒன்றும் நடக்காததுபோல வானத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சிரித்துவிட்டால் காரியம் கெட்டுவிடும்.

கடைசி வீட்டுப் பொன்னுத்தாய் மட்டும் இடுப்பில் கைவைத்து எங்களையே பார்த்தாள். கட்டை குட்டையான மனுஷி. பின்னால் ஓடு வேய்ந்த பின்கட்டு தெரிந்தது.

"பின்கட்டு சும்மாத்தான் கெடக்கு. வாடகையும் வேணாம், இருந்துக்கங்க. ஆனா மொதல்ல ஒங்க வீட்டம்மாவுக்குக் குத்துங்க. நாங்க பாக்குறோம். அவுக தாங்கிட்டா இந்தத் தெருவே கை நீட்டும்."

அவளுக்குச் சின்ன வயதிலேயே குத்தியாயிற்று என்றேன். அப்படியானால் தழும்பைக் காட்டட்டும் என்றாள் பொன்னுத்தாய். தெரு முழுக்கக் கூடிவிட்டது.

முதல் தூறல் விழுந்தது. சொர்ணவல்லி படுக்கைச் சுருளில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள். ஓட்டுக் கூரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே ரவிக்கையின் இடது கையை மேலே சுருட்டினாள்.

வழுவழுவென்ற கை. ஒரு தழும்பு கிடையாது.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். நான் பெட்டியைத் திறந்தால் அவளுக்கு அடுப்பில் ஏதாவது தீய்ந்துவிடும். என் ரிஜிஸ்தரில் குத்திக்கொண்டவர்கள் வரிசையில் முதல் பெயர் அவளுடையது. எழுதியவன் நான்தான்.

ஊசியை வைத்து ஒரு திருகு திருகினேன்.

அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கட்டி நிற்க, தெருவைப் பார்த்து நன்றாகவே சிரித்தாள்.

பொன்னுத்தாய் முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. பெரியவன் தங்கையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குள் ஓடினான். மழை பிடித்துக்கொண்டது.

பானையை எடுக்கக் குனிகிறவள்போல என் காதருகே வந்தாள் சொர்ணவல்லி.

"இதுவா எறும்பு?" என்றாள். "பாவி மனுசா, எத்தன ஊருல சொல்லியிருக்கேன்."